சுய உதவிக் குழுக் கூட்டத்துக்கு வரும் பயிற்றுநர்: எங்கள் குழுவின் விமர்சனம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊராட்சியில் இருக்கிற குழுக்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு எங்கள் மகளிர் குழுவுக்கு இப்போது அனுப்புகிற பயிற்றுநருக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இதற்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்துகொண்டிருந்த களப்பணியாளருக்கு ஒன்றரைதான், அதுவும் மழையானாலும் வெயிலானாலும் தேதி தவறாமல் வந்ததற்காக. இரண்டு பேரும் நல்ல மனுஷிகள், இரண்டு பேர் கையும் சுத்தம், இருவருக்கும் கணக்கு நன்றாகவே தெரியும். பிறகு என்ன வித்தியாசம் என்றால், கூட்டம் நடக்கிற அந்த நேரத்தில் யார் எதைச் செய்தார்கள், எதில் கை வைக்காமல் இருந்தார்கள் என்பதுதான். புதிதாகக் குழு ஆரம்பிக்கிறவர்கள் வங்கிக் கடன் எவ்வளவு வரும், அரசு தருகிற சுழல் நிதி எப்போது வரும் என்றுதான் விசாரிக்கிறார்கள். கூட்டத்தைப் பழக்கிக் கொடுக்க வருகிறவர் எப்படிப்பட்டவர் என்று ஒருவரும் கேட்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நாங்கள் தருமபுரி மாவட்டம், பாலக்கோடு பக்கம். தக்காளி போடுகிறவர்கள், கறவை மாடு வைத்திருப்பவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், ஒரு டெய்லர், ஒரு இட்லிக் கடைக்காரம்மா என்று பதினைந்து பேர். எங்கள் மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு தனிப் பெருமை உண்டு. தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-இல் தொடங்கினாலும், ஐஃபாட் என்கிற பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அது 1989-இல் மகளிர் குழுக்களைக் கட்ட ஆரம்பித்தது தருமபுரியில்தான். அதற்கு அப்புறம்தான் சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று போனது. 1997-98-இல் மகளிர் திட்டம் என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. நபார்டு என்கிற வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி நாடு முழுவதும் சேர்த்து 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று முன்னோட்டம் தொடங்கிய வருஷமே 1992தான். அந்தக் காலத்துக் குழுவில் இருந்த பெரியம்மாக்கள் இன்னும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். வங்கி வாசலை மிதிக்கவே பயந்த காலத்தில் கூட வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போடப் பழக்கிய களப்பணியாளர்களை இன்றைக்கும் பெயர் சொல்லிப் பேசுகிறார்கள். அப்படிப்பட்ட வேலை இது.

சரி, இந்தச் சேவையில் என்னதான் கிடைக்கிறது? திட்டப்படி பார்த்தால் உறுப்பினர்களுக்குப் பயிற்சி, குழுவை முன்னின்று நடத்துகிற ஊக்குநருக்கும் அவருக்குத் துணையான பிரதிநிதிகளுக்கும் தனிப் பயிற்சி, கணக்கு நோட்டுகள் எழுதக் கற்றுக்கொடுப்பது, ஆறு மாதம் போனதும், வங்கிக் கடனுக்கு முன்னால் நடக்கிற குழுவின் தர மதிப்பீட்டுக்குத் தயார் செய்வது, வங்கிக்குப் போக வழி காட்டுவது. மகளிர் திட்டத்தில் உறுப்பினர்களுக்கு 4 நாள், ஊக்குநர் பிரதிநிதிகளுக்கு 6 நாள் என்று பயிற்சி வைத்திருந்தார்கள். இப்போது அரசு நடத்துகிற ஊரக வாழ்வாதார இயக்கத்தில் பஞ்ச சூத்திரம் என்பார்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் (குழுவின் பணத்திலிருந்து உறுப்பினருக்கே கொடுக்கிற கடன்), தவறாமல் திருப்பிக் கட்டுவது, முறையான கணக்கு. எங்கள் குழு இதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் கொடுப்பதில்லை, கூட்டமைப்புக்குக் கட்டுகிற சந்தாவோடு சரி. ஆனால் காசு கொடுக்காத சேவை என்பதற்காக அதைப் பற்றிப் பேசக்கூடாது என்றில்லை. நம்முடைய நேரமும், நம்முடைய சேமிப்பும், சில வீடுகளில் நம்முடைய மானமும் அந்தப் பாயின் மேல்தான் இருக்கிறது.

முதலில் வந்தவரைப் பற்றி. நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருப்போம், அதில் அவர் உட்காருவார், நாங்கள் எதிரே வரிசையாகத் தரையில். பையிலிருந்து நோட்டுகளை எடுப்பார். வருகைப் பதிவேடு, தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாமே அவர் பையில்தான் இருக்கும். அவரே பெயர் கூப்பிடுவார், அவரே பணம் வாங்கி எண்ணுவார், அவரே எழுதுவார், கடைசியில் நோட்டை நீட்டி, இங்கே கையெழுத்துப் போடுங்க என்பார். நாற்பது நிமிஷத்தில் கூட்டம் முடிந்துவிடும். எழுத்தும் முத்து முத்தாக இருக்கும், தர மதிப்பீட்டுக்கு வந்தவர்கள் பாராட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் யாருக்கு உள்கடன் என்ற கேள்வி வரும்போது எல்லார் கண்ணும் மேடம் முகத்துக்குப் போகும். அவர் பார்த்து யாரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான். அவருக்குக் காபி போட்டுக் கொடுக்கிற வீட்டுக்கு ஒரு சலுகை இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. அது உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பேச்சை நிறுத்த முடியவில்லை. நோட்டு ஊரை விட்டு வெளியே இருக்கும்போது, நடுவில் யாருக்காவது தன் பாக்கி எவ்வளவு என்று சந்தேகம் வந்தால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டியதுதான். அவர் பிரசவ விடுப்பில் போனதும் எங்கள் குழு அப்படியே நின்றுபோனது. சேமிப்பு இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது, பதினைந்து பேரும் ஊரில்தான் இருந்தோம், ஆனாலும் கூட்டம் போடத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் குழு என்றே சொல்லிவிடுகிறார்கள். பைக்கில் வந்து வாராவாரம் வசூல் பண்ணுகிற நிதி நிறுவனக் கடனும் ஊர்ப் பேச்சில் குழு லோன்தான். அங்கேயும் பெண்கள் உட்காருவார்கள், வருகை எடுப்பார்கள், ஒருத்தருக்கு ஒருத்தர் பொறுப்பு என்று உறுதிமொழி கூட இருக்கும். ஆனால் பணம் நிறுவனத்தினுடையது, வட்டி அவர்கள் சொல்வது, தவணை அவர்கள் சொல்வது, கூட்டத்தை நடத்துவது அவர்களுடைய அலுவலர். அங்கே கூடிப் பேசி முடிவெடுக்க எதுவும் மிச்சமில்லை, கட்டுவதும் கையெழுத்தும்தான். சுய உதவிக் குழுவில் வட்டி எத்தனை பைசா, அபராதம் உண்டா, யாருக்கு முதலில் கடன், எங்கே கூடுவது என்று எல்லாமே உறுப்பினர்கள் தீர்மானம் போட்டு முடிவு செய்வது. எங்கள் குழுவில் முதலில் இரண்டு வட்டி வைத்திருந்தோம், பிறகு நாங்களே பேசி ஒரு வட்டியாக இறக்கினோம். கந்து வட்டிக்காரரிடம் பத்து வட்டிக்கு வாங்கிய கைகளுக்கு அந்தத் தீர்மானம் எழுதியது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் இங்கே வருகிற பயிற்றுநர் வசூல் அலுவலர் மாதிரி நடந்துகொண்டால், பெயர்தான் சுய உதவிக் குழு, உள்ளே நடப்பது வேறு.

இப்போது வருகிறவரை அக்கா என்கிறோம். அவரும் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்து மேலே வந்தவர்தான், பக்கத்து ஊராட்சி. வந்த அன்றே நாற்காலியை எடுத்து உள்ளே போடச் சொல்லிவிட்டார். பாயை வட்டமாக விரிக்க வைத்து, பணமும் நோட்டும் நடுவில், எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி. அவர் வட்டத்தில் உட்காரவில்லை, ஊக்குநருக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளிச் சுவர் ஓரமாக உட்கார்ந்தார். அப்புறம் ஒரு வேலை செய்தார், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. போன கூட்டத்துத் தீர்மானங்களை யாராவது உரக்கப் படியுங்கள் என்றார். அதுவரை எங்கள் குழுவில் ஒரு தீர்மானத்தையும் ஒருவரும் வாய்விட்டுப் படித்ததே கிடையாது. டெய்லர் பெண் படித்தாள். மூன்றாவது தீர்மானத்தைக் கேட்டதும், இப்படி நாம எப்பப் பேசினோம் என்று நான்கு பேர் ஒரே சமயத்தில் கேட்டார்கள். அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அந்தத் தீர்மானத்தை அன்றைக்கே பேசி ரத்து செய்தோம்.

கணக்கு விஷயத்தில் அவர் எப்படி இருப்பார் என்பதற்கு ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். ஆளுக்கு 200 வீதம் பதினைந்து பேர் சேமிப்பு 3,000. கடன் அசல் திருப்பியது 4,400, வட்டி 660, தாமதமாக வந்தவரிடம் அபராதம் 20. நோட்டில் மொத்தம் 8,080. நடுவில் துண்டின் மேல் இருக்கிற பணத்தை எண்ணினால் 8,180. நூறு ரூபாய் அதிகம். குறைந்தால் பதறுவோம், அதிகமானால் யாரும் கவலைப்படுவதில்லை, பொதுவில் போடுங்கள் என்று ஒருவர் சொல்லியும் விட்டார். பழைய மேடமாக இருந்தால் இதர வரவு என்று ஒரு வரி எழுதி முடித்திருப்பார், நேரமும் மிச்சமாகியிருக்கும். அக்கா நோட்டைக் கையில் வாங்கக்கூட இல்லை. யாரோ ஒருத்தருடைய நூறு ரூபாய் அது, அவங்க பாஸ்புக்கில் இருக்கும், ஒவ்வொருத்தரா படிங்க என்று மட்டும் சொன்னார். ஒவ்வொருவரும் தன் பாஸ்புத்தகத்தில் அன்றைக்குப் போட்ட தொகையைப் படிக்க, ஊக்குநர் கடன் பேரேட்டில் விரல் வைத்துக்கொண்டே வர, ஒன்பதாவது ஆளிடம் பிடிபட்டது. பாஸ்புத்தகத்தில் 500, பேரேட்டில் 400. அந்தப் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பேரேட்டில் அப்படியே விட்டிருந்தால் அவர் பேரில் நூறு ரூபாய் அசல் பாக்கி நின்று, அதற்கு மாதாமாதம் வட்டியும் ஓடியிருக்கும், அவருக்குத் தெரிந்தே இருக்காது. கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு பாட்டி தன் புத்தகத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்காமல் எழுந்திருப்பதில்லை.

கடன் யாருக்கு என்கிற பேச்சு இன்னும் சிக்கலானது. ஒரு கூட்டத்தில் மூன்று பேர் கேட்டார்கள், கையில் இருந்தது ஒருவருக்கே சரியாக வரும். ஒருத்தருக்கு மகன் பாலிடெக்னிக் கட்டணம், ஒருத்தருக்கு அடகில் இருக்கிற நகை ஏலத்துக்குப் போகப்போகிறது, இன்னொருத்தர் தக்காளி நாற்று வாங்க. வாய் உள்ளவர்தான் வழக்கமாக ஜெயிப்பார், எங்கள் குழுவில் அது தக்காளிக்காரர். அக்கா செய்தது இவ்வளவுதான்: கேட்கிற மூன்று பேரும் எவ்வளவு, எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று மட்டும் சொல்லட்டும், அதுவரை மற்றவர்கள் பேச வேண்டாம் என்றார். அடுத்து, இதுவரை வாயே திறக்காத இரண்டு பேரைப் பார்த்து, நீங்க என்ன நினைக்கறீங்க என்று முதலில் அவர்களைக் கேட்டார். தேதி என்று வந்ததும் விஷயம் தானாகத் தெளிந்தது. ஏலத் தேதி நாலு நாளில், கட்டணத்துக்கு அடுத்த கூட்டம் தாண்டியும் நேரம் இருந்தது, நாற்றுக்கோ மழை பார்த்துத்தான் போட வேண்டும். நகைக்குக் கொடுத்தோம், மகனுக்கு அடுத்த கூட்டத்தில் என்று தீர்மானத்திலேயே எழுதிவைத்தோம். தக்காளிக்காரருக்கு அன்றைக்கு முகம் சுருங்கியது. ஆனால் யாரோ வெளியாள் மறுத்தார் என்ற பேச்சு வரவில்லை, எதிரே உட்கார்ந்திருந்த நாங்கள்தான் மறுத்தோம், காரணத்தையும் அவர் காது கேட்கவே சொன்னோம்.

இப்படிச் சொல்வதால் அவர் எதிலும் தலையிடாமல் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைக்க வேண்டாம். அப்படி இருந்தால் அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. தக்காளி விலை விழுந்து கிடந்த சமயத்தில், தொடர்ந்து தவணை கட்டாத ஒரு உறுப்பினரைப் பற்றிப் பேச்சு வந்தது. பேச்சு பணத்தை விட்டு அவர் வீட்டுக்காரருடைய குடிக்குப் போய், அங்கிருந்து அவர் மகள் எங்கே போய் வருகிறாள் என்பது வரைக்கும் போனது. அப்போது மட்டும் அக்கா எழுந்து நின்றார். பணத்தைப் பற்றி எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க, அவங்க வீட்டைப் பற்றி இங்க பேச வேண்டாம் என்றார். குரலை உயர்த்தவில்லை. ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை, பிறகு தவணையைப் பாதியாக்கிக் காலத்தை நீட்டுவது என்று நாங்களே முடிவு செய்தோம். முடிவு என்ன என்பதில் அவருக்குப் பங்கில்லை, ஆனால் ஒரு பெண்ணை அவமானப்படுத்தி முடிவெடுக்க விடமாட்டார். அந்த எல்லைக் கோட்டை எங்கே போடுவது என்று தெரிவதுதான் இந்த வேலையிலேயே கடினமான பாகம் என்று எனக்குத் தோன்றுகிறது. பயிற்சிப் புத்தகத்தைப் படித்து அது வராது.

இன்னொன்று, கூடும் இடம். எங்கள் குழுவில் காலனியிலிருந்து நான்கு பேர் இருக்கிறார்கள். கூட்டம் எப்போதும் ஊருக்குள் ஊக்குநர் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கும், அவர்கள் நான்கு பேரும் படிக்குக் கீழே ஓரமாக உட்காருவார்கள், யாரும் சொல்லாமலே. பழைய மேடம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார். அக்கா நேரடியாக அதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கூட்டம் ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு உறுப்பினர் தெருவில் என்று சுழற்சி வைத்தால் எல்லாருக்கும் நடை சமம்தானே என்று ஒரு யோசனையை வைத்தார். வாக்குவாதம் நடந்தது, இரண்டு பேர் அங்கன்வாடியிலேயே எப்போதும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், கடைசியில் சுழற்சி என்று தீர்மானம் ஆனது. காலனியில் நடந்த முதல் கூட்டத்துக்கு இரண்டு பேர் வரவில்லை. விதிப்படி அபராதம் உண்டா இல்லையா என்று அக்கா கேட்டார், உண்டு என்று நாங்கள் சொன்னோம், போட்டோம். அடுத்த முறை வந்தார்கள், டீயும் குடித்தார்கள். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போது ஊக்குநர் வீட்டுத் திண்ணையில் கூட்டம் நடந்தாலும் எல்லாரும் ஒரே பாயில்தான்.

குறைகள் இல்லாமல் இல்லை, அந்த ஒரு மதிப்பெண் எங்கே போனது என்றும் சொல்ல வேண்டும். முதலாவது நேரம். அவர் கையில் குழுக்கள் அதிகம், மூன்று மணிக் கூட்டத்துக்கு நாலேகாலுக்கு வந்த நாட்கள் உண்டு. பால் கறக்கிற நேரத்தில் பெண்களை உட்கார வைத்துக் காக்க வைப்பது நியாயமில்லை. (அவர் வராவிட்டாலும் நாங்கள் மூன்று மணிக்கே தொடங்கிவிட வேண்டும் என்று பிறகு தீர்மானம் போட்டோம், அதை அவரே வரவேற்றார்.) இரண்டாவது, கைபேசிச் செயலியில் விவரம் ஏற்றுவதும் போட்டோ எடுப்பதும். எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மட்டும்தான். கூட்டம் சூடு பிடிக்கிற நேரத்தில் எல்லாரையும் எழுப்பி வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தால், திரும்பி வந்து உட்காரும்போது பேச்சு அறுந்துபோயிருக்கும். இது அவர் தப்பில்லை, மேலே கேட்கிறார்கள். ஆனால் கூட்டம் முடிந்த பிறகு செய்யலாம். மூன்றாவதும் மேலேயிருந்து வருவதுதான்: விழாக்களுக்குக் குழுப் பெண்களை அழைத்து வரச் சொல்லி அவரை நெருக்குகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் அவர் எங்கள் பயிற்றுநராக இல்லை, ஆள் கணக்கு எடுப்பவராக இருந்தார், அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நான்காவது குறைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கணக்கு எழுதுவதை ஊக்குநருக்கும் டெய்லர் பெண்ணுக்கும் நன்றாகப் பழக்கிவிட்டார், மற்றவர்களுக்குப் பழக்கவில்லை. டெய்லர் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஓசூர் போகப்போகிறாள். வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிறவர்களும் ஆரம்பத்திலிருந்து அதே ஆட்கள்தான். பொறுப்பு மாற வேண்டும் என்று விதியில் இருக்கிறது, மாற்றலாமா என்று கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொள்கிறோம். அக்கா இதில் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருக்கலாம், ஒரு தேதி குறித்து, அந்தத் தேதிக்குள் புது ஆட்களைத் தயார் செய்தே ஆக வேண்டும் என்று எங்களை நெருக்கியிருக்கலாம். எங்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்ற அவருடைய நல்ல பழக்கமே இந்த விஷயத்தில் எங்களுக்குச் சாக்காகிவிட்டது.

உங்கள் குழுவுக்கு வருகிறவர் எப்படி என்று பார்க்க வேண்டும் என்றால், இந்த மாதக் கூட்டம் முடிந்ததும் நோட்டுகள் எந்த வீட்டுக்குப் போகின்றன என்று கவனியுங்கள். அவர் பைக்குள் போனால் வாய் திறந்து கேளுங்கள், அது உங்கள் நோட்டு, சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை, ஊக்குநர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும் என்று ஒரு தீர்மானம் போட்டால் போதும். உள்கடன் பேச்சு வரும்போது எல்லாரும் யார் முகத்தைப் பார்க்கிறீர்கள் என்றும் பாருங்கள். அப்புறம் ஒரு கூட்டத்தை அவருக்குச் சொல்லாமலே போட்டுப் பாருங்கள், வருகை, தீர்மானம், வசூல், கடன், கணக்கு நேர் செய்வது எல்லாம் முடித்து. எது தெரியவில்லையோ அதைக் குறித்துவைத்து, அடுத்த முறை அதை மட்டும் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்றுநரே இல்லாத குழுக்கள் கூட்டமைப்பில் எழுத்து மூலமாகக் கேட்கலாம், நடக்கவில்லை என்றால் ஒன்றிய அலுவலகத்தில் இருக்கிற வட்டார இயக்க மேலாண்மை அலகில் போய்க் கேட்கலாம். தனியாகப் போகாமல் மூன்று நான்கு பேராகப் போங்கள், தீர்மான நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் இந்த மாதம் ஒரு தீர்மானம் போட்டிருக்கிறோம்: டெய்லர் பெண் போவதற்குள் இட்லிக் கடைக்காரம்மாவும் காலனியிலிருந்து ஒருவரும் ரொக்கப் புத்தகம் எழுதப் பழக வேண்டும், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார், பேனாவைத் தொடமாட்டார். அது நடந்ததா என்று பார்த்துவிட்டு மீதி ஒரு மதிப்பெண்ணையும் கொடுப்பதைப் பற்றி யோசிக்கிறேன்.